அவள் ஏன் வீட்டில் சொல்லவில்லை?

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கை தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறாள். கல்லூரி விழாவில் பெண்களின் சொத்துரிமை பற்றி அவள் பேசியதைத் தோழி ஒருத்தி இன்ஸ்டாகிராமில் போட்டாள். முகம் தெரியாத பலர் அதன் கீழே காது கூசும்படி எழுதினார்கள். ஊர் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் அதிலிருந்து அவள் படத்தை எடுத்து, ஆபாச வாசகம் சேர்த்துப் பரப்பினான். அண்ணனுக்கு மூன்றாம் மனிதர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. தங்கை வாய் திறக்கவில்லை. இப்போது அப்பா, படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்க்கலாம் என்கிறார். பெண்கள் மேல் இவ்வளவு வெறுப்பு எங்கிருந்து வருகிறது, இது அவர்களை என்ன செய்கிறது, தன்னைப் போன்ற ஒருவன் என்ன செய்ய முடியும் என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குத்தான் அவகாசம் குறைவு. அவள் படிப்பை நிறுத்த விடாதீர்கள். கைபேசியை வாங்கி வைக்க விடாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். இந்த இரண்டைப் பற்றியும் இன்றைக்கே அப்பாவிடம் பேசுங்கள்.

கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் பெண்கள் தொடர்பான வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் நான். என்னிடம் வரும் பெண்களில் பலர், தங்களுக்கு நடந்த கொடுமையைவிட, அது தெரிந்த பிறகு வீட்டில் நடந்ததைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுகிறார்கள். பஸ்ஸில் ஒருவன் தொட்டான் என்று சொன்னவளுக்கு மறுநாளிலிருந்து தட்டச்சு வகுப்பு கிடையாது. அலுவலகத்தில் மேலாளர் தவறாகப் பேசினார் என்று சொன்னவளை வேலைக்கே போக வேண்டாம் என்றார்கள். பின்தொடர்ந்தவனைப் பற்றிச் சொன்னவளுக்கு அவசரமாகக் கல்யாணம் நடந்தது. தங்கை ஏன் சொல்லவில்லை என்று வருந்துகிறீர்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவள் முன்பே கணக்குப் போட்டுவிட்டாள். இப்போது உங்கள் வீட்டில் நடப்பது அந்தக் கணக்கு சரி என்றுதான் காட்டுகிறது. படத்தைக் கெடுத்தவன் கடைத்தெருவில் வழக்கம்போலத் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறான். மேடையில் பேசியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

பெண் வெறுப்பு பெண்களை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. அது அவர்களுடைய நடமாட்டத்தைக் குறைக்கிறது. முன்பு போன இடத்துக்கு அவள் போவதில்லை, பேசிய இடத்தில் பேசுவதில்லை, சிரித்த இடத்தில் சிரிப்பதில்லை. வெறுப்பை உமிழ்கிறவனுக்கு வேண்டியது இதுதான். இதில் பாதி வேலையைப் 'பாதுகாப்பு' என்ற பெயரில் அன்புள்ளவர்களே செய்து முடித்துவிடுகிறார்கள். நீங்கள் என்ன செய்வதாக இருந்தாலும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அதனால் தங்கையின் நடமாட்டம் கூடுகிறதா, குறைகிறதா? குறையுமானால் அதைச் செய்யாதீர்கள்.

வெறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருகிறேன். இது கைபேசியோடு வந்த நோய் அல்ல. பொதுவெளியில் வாய் திறந்த பெண்ணை ஒழுக்கத்தின் பெயரால் அடிப்பது நம் ஊரில் பழைய வழக்கம். தஞ்சையை 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி என்ற பெண் கவிஞர் இருந்தார். தெலுங்கில் காதல் காவியம் எழுதியவர். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் சீர்திருத்தவாதிகளாகப் பெயர் பெற்ற ஆண்கள் அவரை வெட்கம் கெட்டவர் என்று ஏசினார்கள். அதே சிருங்காரத்தை எழுதிய ஆண் புலவர்களை யாரும் அப்படிச் சொல்லவில்லை. 1910இல் அந்தக் காவியத்தைத் தேடி முழுமையாகப் பதிப்பித்தவர் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள். வெட்கம் பெண்களுக்கு மட்டும்தான் உரியதா என்று முன்னுரையிலேயே கேட்டார். அரசு அந்தப் பதிப்பைத் தடை செய்தது. தடை நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நாகரத்தினம்மாளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், திருவையாற்றுக் காவிரிக் கரையில் உங்கள் தங்கைக்கும் எனக்கும் வழி போட்டவர் அவர். தேவதாசி மரபில் பிறந்தவர். பாழடைந்து கிடந்த தியாகராஜரின் சமாதி இருந்த நிலத்தைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கிக் கோயில் எழுப்பி, 1925இல் குடமுழுக்கு நடத்தினார். அங்கே ஆண்டுதோறும் இசை அஞ்சலியாக ஆராதனையை நடத்திய இரண்டு கட்சிகளும் ஒன்றோடொன்று சண்டையிட்டாலும் ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றன: பெண்கள் பாடக் கூடாது. கோயில் கட்டிய பெண்ணுக்கே பாட அனுமதி இல்லை. அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. பெண் கலைஞர்களைத் திரட்டி, சமாதியின் பின்புறத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். 'பெண்கள் கட்சி' என்றே அதற்குப் பெயர் வந்தது. 1940இல் எல்லாக் கட்சிகளும் ஒன்றானபோது பெண்கள் பாடும் உரிமையோடு ஒன்றாயின. இன்று திருவையாற்றில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்களே, அந்த உரிமை ஒரு பெண் பிடிவாதமாக வாங்கித் தந்தது.

பழையது பழையதாக இருக்க, புதிதாகச் சேர்ந்தவையும் உண்டு. ஒரே தலைமுறையில் டெல்டாவில் பெண்களின் வாழ்க்கை கண்ணெதிரே மாறியிருக்கிறது. பிளஸ் டூ முடிவுகள் வரும் ஒவ்வோர் ஆண்டும் மாணவிகளின் தேர்ச்சி விகிதம் மாணவர்களைத் தாண்டுகிறது. 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் போகிறார்கள். நடவு வேலைக்குப் பக்கத்து ஊர் போகிறவளும், நீடாமங்கலத்தில் துணிக்கடை வேலைக்குப் போகிறவளும் யாரிடமும் பஸ் காசு கேட்டு நிற்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரி சேர்ந்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் வந்த திட்டம் அது. 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு உரிமைத்தொகை வந்தது. பெண்கள் கையில் கொஞ்சம் காசும், காலுக்குக் கொஞ்சம் விடுதலையும் கிடைத்திருக்கின்றன. உடனே என்ன கிளம்பியது? 'ஓசி டிக்கெட்' என்ற ஏச்சு. வெயிலில் குனிந்து நாற்று நட்டுவிட்டு வரும் அறுபது வயது அம்மாவைப் பார்த்து, பஸ்ஸில் இருபது வயதுப் பையன் இதைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதே காலத்தில் அந்தப் பையனின் வாழ்க்கையும் மாறியிருக்கிறது, அவனுக்குச் சாதகமாக அல்ல. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்குமா என்று ஆண்டுதோறும் அண்ணாந்து பார்க்க வேண்டும். அறுவடை இயந்திரமும் நடவு இயந்திரமும் வந்த பிறகு வயலில் கூலி நாட்கள் குறைந்துவிட்டன. பொறியியல் படித்தவன் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகிறான், அல்லது கடன் வாங்கிப் படித்த படிப்போடு ஊரில் உட்கார்ந்திருக்கிறான். விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். இந்த வலிகள் உண்மையானவை, நான் அவற்றைச் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வேலை தராதது பெண் அல்ல. நெல்லுக்கு விலை வைப்பதும் பெண் அல்ல. அப்படி இருந்தும் இரவு பதினொரு மணிக்கு அவன் கைபேசியில் வந்து, "உன் நிலைமைக்கு இவர்கள்தான் காரணம்" என்று ஒருவன் உறுதியான குரலில் சொல்கிறான். 'படித்த பெண்கள் திமிர் பிடித்தவர்கள்', 'சட்டமெல்லாம் பெண்கள் பக்கம்', 'அந்தக் காலத்துப் பெண்கள் அடக்கமாக இருந்தார்கள்' என்று மூன்று நிமிடத்துக்கு ஒரு வீடியோ. கோபம் வந்தால் ஆள் நின்று பார்க்கிறான், நின்று பார்த்தால் விளம்பரம் ஓடுகிறது, விளம்பரம் ஓடினால் பேசுகிறவனுக்கும் நிறுவனத்துக்கும் பணம். ஒரு வீடியோவை முழுதாகப் பார்த்தவனுக்கு அதைவிடக் கடுமையான இன்னொன்று தானாக வந்து நிற்கும். இவனுடைய வேலையின்மை வேறொருவனுக்குத் தொழிலாகியிருக்கிறது.

வேலையில்லாதவன்தான் இப்படி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. வேலிக்கணக்கில் வயலும் கார் வசதியும் உள்ளவர்களிடம் இந்த வெறுப்பை நான் இன்னும் கெட்டியாகப் பார்த்திருக்கிறேன். தங்கை எதைப் பற்றிப் பேசினாள் என்று கவனியுங்கள். கோலம், சமையல் பற்றிப் பேசியிருந்தால் இவ்வளவு பேர் கிளம்பியிருக்க மாட்டார்கள். சொத்தைப் பற்றிப் பேசினாள். டெல்டாவில் நிலம் என்றால் எல்லாமே நிலம்தான். 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், அப்போது மணமாகாதிருந்த இந்துக் குடும்பப் பெண்களுக்குப் பூர்விகச் சொத்தில் ஆண்பிள்ளைக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. 2005இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவது என்றும், 2005இல் தந்தை உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்றும் தெளிவாக்கியது. சட்டம் இப்படி இருக்க, சார்பதிவாளர் அலுவலகத்தில் நடப்பது என்ன? அண்ணன் தம்பிகள் காரில் அழைத்துப்போய், பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்து, பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அக்கா தங்கைகளிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கையெழுத்துப் போடாதவளுக்குப் பிறந்த வீட்டுக் கதவு மூடிவிடுகிறது. உங்கள் வீட்டிலும் ஒருநாள் அந்தப் பத்திரம் தட்டச்சாகும், தம்பி. பெண் வெறுப்புக்கு எதிராக என்ன செய்யலாம் என்று கேட்டீர்களே, அன்றைக்கு அவளுடைய பங்கை அவளிடமே விடுவதும் அதில் ஒன்று.

இந்த வெறுப்பு எல்லாப் பெண்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. கீழத்தஞ்சையின் பண்ணையாள் முறையில் கூலிக்காரப் பெண்ணின் உழைப்போடு உடலும் ஆண்டையின் உடைமையாகக் கருதப்பட்டது. அதை எதிர்த்துச் சங்கம் கட்டியவர்களில் மணலூர் மணியம்மாளும் ஒருவர். இளம் வயதில் விதவையான பிராமணப் பெண். அவர் தலைமுடியை வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, சேரி சேரியாகப் போய் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டினார். 1953இல் அவர் இறந்தார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 தலித் மக்களில் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. அதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 2020ஐ நினைவூட்டுவேன். சிதம்பரம் பக்கம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர், கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் அந்த ஆண்டு நாடெங்கும் பரவியது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் செய்தோம். பல ஊராட்சிகளில் கணவர்தான் இன்னும் 'தலைவர்' என்று அழைக்கப்படுகிறார். தலித் பெண் என்றால் நாற்காலியே கிடைக்கவில்லை.

தங்கைக்கு இப்போது என்ன நடந்துகொண்டிருக்கும்? நான் பார்த்தவரை சொல்கிறேன். தூக்கம் கெடும். கைபேசி ஒலித்தால் நெஞ்சு படபடக்கும். சாப்பாடு இறங்காது, சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும். முகப்புப் படத்தை எடுத்துவிட்டுப் பூவையோ சாமியையோ வைப்பாள். வகுப்பில் கேள்வி கேட்பதை நிறுத்துவாள். யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றும், குழுவில் உள்ள பையன்களில் யார் யார் அதைப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே ஊர்த் தெருவில் நடப்பாள். நான் பேசாமலே இருந்திருக்கலாமோ என்று அவளுக்கே தோன்றத் தொடங்குமே, மற்ற எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது அதைத்தான். அந்த எண்ணம் உறுதிப்பட்டுவிட்டால் அவள் ஆயுள் முழுக்கத் தன்னைத்தானே அடக்கிக்கொள்வாள், பிறகு தன் மகளையும் அடக்குவாள். மாமியார்தானே கொடுமை செய்கிறாள், பெண்ணுக்குப் பெண்தானே எதிரி என்பவர்கள், அந்த மாமியார் எந்த வயதில் எதற்காக வாய் மூடினாள் என்று கேட்பதில்லை.

அவள் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல், உயிர் வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல ஏதாவது சொன்னால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மனநல உதவிக்கு அரசின் 14416 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். கூடப் போங்கள், ஆனால் அறைக்குள் அவள் தனியாகப் பேசட்டும்.

இனி சட்டம். முதலில் ஆதாரம். குழுவில் வந்த படம், அனுப்பிய எண், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்ஸ்டாகிராம் பதிவுகளின் இணைப்பு முகவரியையும் அந்தக் கணக்குகளின் பெயரையும் எழுதி வையுங்கள். யாரையும் மிரட்டுவதற்கு முன்பு இதைச் செய்ய வேண்டும், மிரட்டினால் அழித்துவிடுவார்கள். பிறகு குழுவின் நிர்வாகியைப் பார்த்து அந்தப் பதிவை எல்லோருக்குமாக நீக்கச் சொல்லுங்கள், அவருக்கு அந்த வசதி உண்டு. ஆளைப் பிடித்து அடிக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். நீங்கள் அடித்தால் வழக்கு உங்கள் மேல் வரும், இரு குடும்பத் தகராறாகும், இரு தெருச் சண்டையாகும், சாதிகள் வேறாக இருந்துவிட்டால் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அதன் நடுவில் தங்கை மறுபடியும் காணாமல் போவாள்.

"நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்று குழுவில் பலர் சொல்வார்கள். அது செல்லாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய பதிவு ஒன்றை 2018இல் பகிர்ந்த ஒரு பிரபலத்தின் வழக்கில், அனுப்பிய செய்தி வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு போன்றது, விளைவுக்கு அனுப்பியவரே பொறுப்பு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. 2024இல் அவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆபாசமானதை மின்னணு வழியில் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் குற்றம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில் பாலியல் பேச்சு 75ஆம் பிரிவிலும், பின்தொடர்வது 78ஆம் பிரிவிலும், பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லும் சைகையும் 79ஆம் பிரிவிலும் வருகின்றன. இவை போக, 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஈவ் டீசிங்கால் உயிரிழந்த பிறகு தமிழ்நாடு தனியாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் தண்டனையைக் கூட்டும் திருத்தத்தைச் சட்டமன்றம் 2025 ஜனவரியில் நிறைவேற்றியது.

புகாரை மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலோ, அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம், அதற்கு 1930 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். எந்தக் காவல் நிலையமும் 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது, எல்லை பாராமல் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே இப்போதைய சட்டம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். முதல் தகவல் அறிக்கை போட மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளும் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, அது நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கிடைக்கும். 181 என்ற மகளிர் உதவி எண்ணில் பேசினால் அருகில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொல்வார்கள். கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், அதில் மாணவர் பிரதிநிதியும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எழுதியவர்களில் அதே கல்லூரி மாணவர் யாராவது இருந்தால் அங்கேயும் புகார் கொடுக்கலாம்.

காவல் நிலையம் போனால் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று அப்பா பயப்படுவார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த பாலியல் வன்முறை வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியில் கசிந்தது. அந்த அறிக்கை எழுதப்பட்டிருந்த விதமே மாணவியைக் குறை சொல்வதாக இருந்ததை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது, இழப்பீடு கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது, பெண் ஐபிஎஸ் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு மே மாதம் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த வழக்கில் சாட்சி சொன்ன பெண்களில் ஒருவரும் பிறழவில்லை. துணை இருந்தால் பெண்கள் கடைசிவரை நிற்பார்கள். தங்கைக்கு அந்தத் துணையாக நீங்கள் இருக்க வேண்டும்.

'பொய் வழக்கு' என்ற பேச்சும் வரும். பொய்ப் புகார் கொடுப்பதைத் தண்டிக்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. நிரூபிக்க முடியாமல் போன புகாரெல்லாம் பொய்ப் புகார் ஆகாது. இதற்கு மேல் அந்த விவாதத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

சட்டம் எட்டாத இடத்தில்தான் உங்கள் வேலை அதிகம். அந்த வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? படத்தைப் போட்டவன் ஒருவன். சிரிப்பு முகம் போட்டவர்கள் சிலர். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு அது பிடித்திருக்காது, ஆனால் முதல் ஆளாகச் சொல்லப் பயம். நீங்கள் அந்தக் குழுவில் நான்கு வரி எழுதுங்கள்: "இது என் தங்கை என்பதால் சொல்லவில்லை. யார் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் இது குற்றம். நீக்குங்கள்." 'உன் வீட்டிலும் அக்கா தங்கை இல்லையா' என்று மட்டும் கேட்காதீர்கள். அக்கா தங்கை இல்லாதவனும், வீட்டை விட்டு வந்த பெண்ணிடமும் மரியாதையாக நடக்க வேண்டும். நீங்கள் எழுதிய பிறகு இன்னும் இரண்டு பேர் ஆமோதிப்பார்கள், பாருங்கள். ஆண்களிடம் ஆண் இதைப் பேசுவது நம் மண்ணுக்குப் புதிதல்ல. மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 19ஆம் நூற்றாண்டிலேயே, பெண்ணைப் படிக்க வைக்காதது ஆண்களின் குற்றம் என்று ஆண்களைப் பார்த்து எழுதினார்.

படத்தைப் போட்டவனிடமோ, அந்த வீடியோக்களில் மூழ்கிக் கிடக்கும் சித்தப்பா பையனிடமோ பேசுவதாக இருந்தால் நாலு பேர் முன்னிலையில் வேண்டாம். அவமானப்பட்டவன் வீம்புக்கு இன்னும் ஆழமாகப் போவான். ஆற்றங்கரையில் தனியாக உட்கார்ந்து, அந்த வீடியோக்காரன் இதுவரை உனக்கு என்ன செய்தான் என்று கேளுங்கள். வேலை வாங்கித் தந்தானா, நெல்லுக்கு விலை வாங்கித் தந்தானா? அவனுடைய உண்மையான குறையை முழுதாகக் கேளுங்கள், அதில் உதவவும் செய்யுங்கள். குறையைக் கேட்பது குற்றத்தை மன்னிப்பது ஆகாது. புகார் தனி, பேச்சு தனி.

ஊர் அளவில் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. பஸ் நிறுத்தத்தில் விளக்கு, கடைசி பஸ் நேரம், பள்ளிக்கூடக் கழிப்பறை, டாஸ்மாக் கடை இருக்கும் இடம் ஆகிய இவற்றை அங்கே தீர்மானமாக எழுதவைக்கலாம். மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் மொத்தமாக வந்து உட்கார்ந்தால் தீர்மானம் நிறைவேறும், நான் பார்த்திருக்கிறேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண் கூலி குறைவு என்பதை இயல்பாக எடுத்துக்கொண்ட ஊரில் பெண்ணை மதிக்கச் சொல்லி எவ்வளவு பேசினாலும் ஏறாது. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்தது, 2025 நவம்பரிலிருந்து அந்த விதி ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. அதைக் கூலி பேசும் களத்தில் யாராவது ஓர் ஆண் எடுத்துச் சொல்ல வேண்டும். காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் லாஃப்டி அமைப்பு 1981இலிருந்து கீழத்தஞ்சையில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தபோது, பத்திரத்தைப் பெண்கள் பெயரில்தான் பதிந்தது. தன் பெயரில் ஒரு ஏக்கர் உள்ள பெண்ணிடம் வீட்டிலும் வெளியிலும் பேசுகிற விதமே வேறு.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று தயங்குவீர்கள். அவர் கெட்டவர் அல்ல, பயந்திருக்கிறார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயப்படுகிறார். "படிப்பை நிறுத்தினால், அவள் மேல்தான் தப்பு என்று நாமே ஊருக்குச் சொன்னதாகும், அப்பா" என்று சொல்லுங்கள். படித்து வேலைக்குப் போனால் அவளுக்கு வரும் மாப்பிள்ளையும் வேறாக இருப்பான் என்று சொல்லலாம். எனக்கு அந்த வாதம் பிடிக்காது, ஆனால் அப்பாக்களிடம் செல்லும் வாதம். அம்மா எந்தப் பக்கம் என்று பாருங்கள். பல வீடுகளில் அம்மா மனத்துக்குள் மகள் பக்கம்தான் இருப்பாள், முதலில் பேச யாராவது வேண்டும் என்று காத்திருப்பாள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் தங்கையிடம் போய் உட்காருங்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். விஷயம் தெரியும், உன் மேல் தப்பில்லை, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். புகார் கொடுக்கலாம் என்பாள், அல்லது வேண்டாம் என்பாள். வேண்டாம் என்றால் அவள் முடிவை மதியுங்கள், அவள் சார்பில் நீங்களாகக் காவல் நிலையம் போகாதீர்கள். ஆதாரங்களை மட்டும் பத்திரமாக ஒரு பென் டிரைவில் சேர்த்து அவளிடமே கொடுங்கள். பின்னால் மனம் மாறினாலும் வழி அடைபடாது: 79ஆம் பிரிவுக் குற்றத்தை நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முடியும். 75ஆம் பிரிவில் வரும் ஆபாசப் பேச்சுக்கு மட்டும் ஓர் ஆண்டுதான், அந்தத் தேதியை அவளுக்குத் தெரியும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.